முதல் டெஸ்ட்டில் பாஸ்

எங்கள் பட்டறையில் அவருக்குப் பெயர் மெகர். உண்மையில் மெகர் என்பது ஒரு கருவி. செருப்புப் பெட்டி அளவில் ஒரு டப்பா, அதில் ஒரு முள், இரண்டு ஒயர். மின்சாரம் போகக் கூடாத இடத்துக்கு எங்கேயாவது கசிகிறதா என்று காட்டும். முள் துள்ளி உச்சிக்குப் போனால் எல்லாம் நலம். பூஜ்யத்திலேயே படுத்துக்கொண்டால் எங்கோ ஓட்டை. அந்தக் கருவி தோளில் தொங்காமல் அவரை யாரும் பார்த்ததில்லை. சாப்பிடும்போதுகூட பக்கத்தில் குழந்தை மாதிரி உட்கார்ந்திருக்கும். அதனால் அதன் பெயர் மெல்ல அவர்மேல் ஏறிவிட்டது. பெற்றவர்கள் வைத்த பெயர் அடையாள அட்டைக்குள் எங்கோ தூங்கிக்கொண்டிருக்கிறது.

நாங்கள் செய்வது பேனல். ஒரு கட்டடத்துக்குள் வரும் மின்சாரம் முதலில் நுழைகிற இரும்பு அலமாரி. அங்கிருந்துதான் அது லிஃப்டுக்கு, மோட்டாருக்கு, விளக்குக்கு என்று பிரிந்து போகும். இங்கே செய்து முடித்த ஒவ்வொரு பேனலையும் மெகர் சோதித்து, பச்சை ஸ்டிக்கர் ஒட்டினால்தான் லாரி ஏறும். சிவப்பு ஒட்டினால் செய்தவர் மேசைக்கே திரும்பும். நான் பேனலுக்குப் படம் வரைகிற மேசை அவருடைய டெஸ்டிங் மூலைக்கு நேர் எதிரே. தலையை நிமிர்த்தினால் அவர்தான்.

நாற்பதைத் தொடப்போகிற வயது. ஒல்லி. நடக்கும்போது தலை முதலில் வரும், உடம்பு சற்றுத் தாமதமாகப் பின்தொடரும். அவர் இந்தத் தொழிலுக்கு வந்த கதையை எல்லோருக்கும் சொல்லியிருக்கிறார். சின்ன வயதில் அவர் அப்பா வீட்டுக்கு முதல் டிவி வாங்கி வந்தார். தெரு முழுக்க அந்த ஒற்றை அறைக்குள் வந்து அடைந்துகொண்டது, ஜன்னல் கம்பியில் தொங்கியவர்கள் தனி. அப்பா பட்டனை அழுத்தினார். திரையில் ஒரு பெண் வாயைத் திறந்தாள். அவள் பாடப் போகிறாளா அழப் போகிறாளா என்று தெரிவதற்குள் தூரத்தில் எங்கோ மின்னல் விழுந்தது. கம்பி வழியாக ஓடிவந்த வீச்சில் டிவி ‘டப்’ என்று ஒரு சத்தம் போட்டுப் புகையை விட்டது. “அவ என்ன சொல்ல வந்தான்னு இன்னிக்கு வரைக்கும் தெரியாதுங்க” என்று மெகர் சொல்லும்போது அந்தப் புகை இப்போதும் அவர் குரலில் இருக்கும்.

அந்த மாதிரித் திடீர் வீச்சுக்கு எங்கள் தொழிலில் சர்ஜ் என்று பெயர். அதற்கு மின்னல்தான் வேண்டும் என்பதில்லை. பக்கத்துக் கம்பெனியில் பெரிய மோட்டாரை நிறுத்தினாலும் வரும். அதைப் பிடித்துத் தரைக்குள் தள்ளிவிட, பேனலில் சர்ஜ் கார்ட்ரிட்ஜ் மாட்டுவோம். தீப்பெட்டியை நிமிர்த்தி வைத்தது போல இருக்கும், நெற்றியில் ஒரு பச்சை ஜன்னல். மெகருக்கு அதன்மேல் தீராத காதல். அவர் குடியிருக்கும் மாடி அறையில் ஒரு ஃபேன், ஒரு விளக்கு, ஒரு ரேடியோ. அதற்கு அவர் மாட்டி வைத்திருக்கும் சர்ஜ் பாதுகாப்பை நம்பி ஒரு சினிமா தியேட்டரையே நடத்தலாம்.

ஆனால் இந்தக் கார்ட்ரிட்ஜுக்கு ஒரு குணம். மெகர் கருவி சோதனைக்காக அனுப்புகிற வோல்டேஜையும் அது மின்னல் என்றே நினைத்துக்கொள்ளும். கடமை தவறாமல் தரைக்குள் தள்ளிவிடும், முள் பூஜ்யத்தில் படுத்துவிடும். அதனால் டெஸ்டுக்கு முன்னால் அதைப் பிடுங்கிவிட வேண்டும். பிடுங்கியதை மெகர் சட்டைப் பாக்கெட்டில் போட்டுக்கொள்வார். பாக்கெட் புடைத்திருந்தால் டெஸ்ட் நடக்கிறது, யாரும் கிட்டே வரக்கூடாது. தட்டையாகிவிட்டால் முடிந்தது, வரலாம். ‘சர்ஜைப் பிடுங்கியாச்சா?’ என்று தன் கையாலேயே எழுதிச் சுவரில் ஒட்டியும் இருந்தார். அதை அவர் மறப்பது என்றால் தலையை வீட்டில் மறந்துவிட்டு வருவது போல.

இப்படிப்பட்டவர் சீப்பு அக்காவைக் காதலித்தார்.

சீப்பு அக்கா எங்கள் வயரிங் ஆள்களில் முதல் கை. கூந்தலை வாருகிற சாதாரணச் சீப்பை வைத்துக்கொண்டு பேனலுக்குள் ஒயர்களை வாரிவிடுவாள். நூற்றுக்கணக்கான ஒயர்கள் அவள் கை பட்டால் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி வரிசையில் நிற்கும், திருப்பத்தில் எல்லாம் சேர்ந்து திரும்பும். வாயும் அதே போல, ஒரு பிசிறு இருக்காது. அம்மாவும் அவளும்தான் வீட்டில். தாமிரப் பட்டைகளை வளைத்துத் துளை போடுகிற பெரியவர் அவளுக்குச் சொந்தச் சித்தப்பா. அதனால் எங்கள் எல்லோருக்கும் சித்தப்பா.

மெகர் காதலைச் சொன்ன விதத்தைப் பற்றிப் பட்டறையில் இன்னும் பேசுகிறார்கள். சித்தப்பாவின் துளை போடுகிற இயந்திரம் அலறிக்கொண்டிருக்கும்போது சொன்னால் அவள் காதில் மட்டும் விழும் என்று கணக்குப் போட்டிருக்கிறார். அவள் மேசை ஓரமாகப் போய் நின்றார். தொண்டையைச் செருமினார். அந்த அலறலைத் தாண்டிக் கேட்க வேண்டும் அல்லவா, முழு பலத்தையும் திரட்டிக் கத்தினார். அவர் வாயைத் திறந்த அதே நொடியில் சித்தப்பா இயந்திரத்தை நிறுத்தினார்.

“கல்யாணம் பண்ணிக்கலாமா!”

கூரைத் தகட்டில் பட்டு அது இரண்டு முறை எதிரொலித்தது. வாசலில் சாமான் இறக்கிக்கொண்டிருந்தவர்கள்கூட எட்டிப் பார்த்தார்கள்.

சித்தப்பா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். “யாரைக் கேக்குற தம்பி? என்னையா?”

மெகர் காது வரை சிவந்துபோய், “இல்லீங்க... இவங்கள” என்றார்.

சீப்பு அக்கா ஒயரை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. “என்ன திடீர்னு?”

“திடீர்னு இல்லீங்க. ரொம்ப நாளா. உங்கள பிடிச்சிருக்கு. உங்க வயரிங்கும் பிடிச்சிருக்கு.”

“வயரிங் பிடிச்சிருந்தா எதுக்கு ஒவ்வொரு தடவையும் சிவப்பு ஒட்டுறீங்க? போன பேனல்ல ஒரே ஒரு ஸ்க்ரூ கால் சுத்து குறைச்சலா இருந்ததுக்கு ஒட்டினீங்க. அதுக்கு முன்னாடி ஒயர் நம்பர் தலைகீழா இருக்குன்னு ஒட்டினீங்க.”

“பிடிச்சிருக்கிறது வேறங்க. பாஸ் வேற.”

பட்டறை ஒரு பெருமூச்சு விட்டது. இதைவிட மோசமாக ஒரு மனிதன் பதில் சொல்லியிருக்க முடியாது.

இப்போது அவள் நிமிர்ந்தாள். “அப்ப வீட்லயும் இப்படித்தானா? காலைல எழுந்ததும் டார்ச் அடிச்சிப் பாத்து, இந்தத் தட்டு கோணலா இருக்கு, அந்தத் துணி மடிப்பு சரியில்லன்னு ஸ்டிக்கர் ஒட்டுவீங்களா? நாள் பூரா இங்க உங்ககிட்ட பரீட்சை எழுதறேன், சாயங்காலமும் எழுதணுமா?”

மெகர் தோளில் இருந்த டப்பாவைத் தடவிக்கொண்டு நின்றார்.

“ஒண்ணு பண்ணலாம்” என்றாள் அவள். “அடுத்தது ஐஸ்கிரீம் கம்பெனி பேனல். நான்தான் வயரிங். அது முதல் டெஸ்ட்லயே பாஸ் ஆகட்டும், பண்ணிக்கிறேன். ஆகலன்னா இந்தப் பேச்சே வேண்டாம். நீங்களும் எதையும் கண்டும் காணாம விடக்கூடாது.”

“விடமாட்டேன்” என்றார் மெகர், ரொம்ப வேகமாக.

“இதையாவது கொஞ்சம் யோசிச்சு சொல்லியிருக்கலாம்” என்று சித்தப்பா முணுமுணுத்துவிட்டு இயந்திரத்தை மறுபடி ஓடவிட்டார்.

அதற்குப் பிறகு பட்டறை பட்டறையாக இல்லை. ஐஸ்கிரீம் கம்பெனி பேனல் எங்கள் எல்லோருடைய பேனலாகிவிட்டது. சித்தப்பா தாமிரப் பட்டைகளை முகம் பார்க்கும் அளவுக்குத் தேய்த்தார். பெயின்ட் அடிப்பவர் கேட்காமலேயே இன்னொரு கோட் அடித்தார். என் பங்குக்கு நான் படத்தில் ஒரு கோட்டைக்கூடச் சந்தேகத்தில் விடாமல் திரும்பத் திரும்பச் சரிபார்த்தேன். முதலாளி ஒரு விசித்திரமானவர். இத்தனை பேனல் செய்து விற்பவருக்குச் சுவிட்சைத் தொடவே பயம், வீட்டில் விளக்குப் போடவும் மனைவியைத்தான் கூப்பிடுவார் என்று பேச்சு. அவர் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து பேனலுக்கு எதிரே போட்டு உட்கார்ந்து, அவள் வேலை செய்வதைக் கிரிக்கெட் பார்ப்பது போலப் பார்த்தார். “அந்த ஸ்க்ரூவை இன்னொரு தடவை திருகிடும்மா.” “திருகிட்டேன் சார்.” “எனக்காக இன்னொரு தடவை.”

மெகர் மட்டும் அந்தப் பக்கமே வரவில்லை. பேனல் கண்ணில் பட்டால் ஏதாவது குறை தெரிந்துவிடும், தெரிந்தால் சொல்லாமல் இருக்க முடியாது, முன்னாலேயே சொன்னால் அது கள்ளாட்டம். அதனால் கழிவறைக்குப் போவதானால்கூட வெளிவாசல் வழியாகப் பட்டறையைச் சுற்றிக்கொண்டு போனார். மழை பெய்த நாளில் நனைந்துகொண்டே போனார். சீப்பு அக்கா அதை ஜன்னல் வழியாகப் பார்த்தாள். உதட்டைக் கடித்துக்கொண்டு வாருவதைத் தொடர்ந்தாள். அன்றைக்கு அவள் கட்டிய ஒயர்க் கட்டுகள் மற்ற நாள்களைவிட அழகாக இருந்தன என்பது என் அபிப்பிராயம்.

டெஸ்ட் நாள் வந்தது. மெகர் உள்ளே நுழைந்ததும் பெயின்ட் அடிப்பவர் சீட்டி அடித்தார். புதுச் சட்டை. கரும்பச்சை நிறம், உடம்போடு ஒட்டின தையல், கழுத்துப்பட்டை கத்தி மாதிரி நின்றது. தலையில் எண்ணெய் மின்னியது. பேனாவைக் காதில் சொருகியிருந்தார். “மாப்பிள்ளை வந்தாச்சு” என்று யாரோ சொல்ல, அவர் சிரிக்கலாமா என்று யோசித்து, டெஸ்ட் முடியட்டும் என்று சிரிப்பைத் தள்ளிவைத்தார்.

முதலில் கண்ணால் பார்க்கிற சோதனை. டார்ச்சை அடித்து மேலிருந்து கீழே வந்தார். குறை தேடுகிற கண்ணுக்குக் குறை கிடைக்கவில்லை. ஸ்க்ரூக்களைத் திருகிப் பார்த்தார், ஒன்றும் அசையவில்லை. ஒயர் நம்பர் எல்லாம் நேராக இருந்தன. ஒவ்வொன்றுக்கும் “சரி” என்றார். ஒவ்வொரு ‘சரி’க்கும் முதலாளி தொடையைத் தட்டிக்கொண்டார். கடைசியில் மெகர் டெஸ்ட். மின்சாரம் வருகிற மூன்று பேஸ், திரும்புகிற ஒரு நியூட்ரல், நான்கு கம்பியையும் தனித்தனியாகத் தரைக்குப் போகும் எர்த்தோடு வைத்துப் பார்க்க வேண்டும். அவர் ஒயரைக் கவ்வவிட்டார். பட்டனை அழுத்தினார்.

முள் நகரவே இல்லை.

மறுபடி அழுத்தினார். இல்லை. அடுத்த பேஸ், இல்லை. அதற்கடுத்தது, நியூட்ரல், எல்லாம் பூஜ்யம். ஐஸ்கிரீம் கம்பெனி பேனல் தலை முதல் கால் வரை ஒரே ஓட்டை என்றது கருவி.

மெகர் ஒயரைக் கழற்றினார். “ஃபெயில்” என்றார். அவர் குரலில் இருந்த புகையைப் பார்த்தால் இன்னொரு டிவி வெடித்தது போலிருந்தது.

சீப்பு அக்கா சீப்பை மேசைமேல் வைத்தாள். “அப்ப சரி” என்றாள். அவ்வளவுதான்.

“என்ன சரி? ஒரு சரியும் இல்ல!” என்று சித்தப்பா கத்தினார். “என் பட்டையிலதான் ஏதோ கோளாறு. அவ வயரிங்ல ஓட்டை வராது.” சட்டைக் கையை மடக்கிக்கொண்டு பேனலுக்குள் தலையை விட்டார். பின்னாலேயே எல்லோரும் விழுந்தோம். ஈரமாக இருக்குமோ என்று சூடான காற்றை ஊதினோம். ஏதாவது ஒயர் முடி சிதறிக் கிடக்கிறதா என்று தூரிகையால் பெருக்கினோம். “உள்ள ஐஸ்கிரீம் ஏதாவது...” என்று ஆரம்பித்த முதலாளியை யாரும் முடிக்கவிடவில்லை. எல்லோரையும்விட மெகர்தான் பாடுபட்டார். முழங்காலில் விழுந்து, டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு, புதுச் சட்டையெல்லாம் கிரீஸாக, பேனலின் அடித்தட்டில் ஏறக்குறைய குடிபுகுந்துவிட்டார். “இவங்க வேலைல தப்பு இருக்காதுங்க, இருக்கவே இருக்காது” என்று உள்ளிருந்து குழறல் கேட்டது. இத்தனை வருஷத்தில் அவர் வாயிலிருந்து அவள் வேலைக்கு வந்த முதல் முழுப் பாராட்டு அதுதான். டார்ச்சோடு சேர்ந்து வந்தது.

லாரி வந்து வாசலில் நின்றது. டிரைவர் இறங்கி, “ஏத்தலாமா?” என்றார். முதலாளி பொறுக்கச் சொல்லிக் கையைக் காட்டினார்.

டீ வந்தது. மெகர் வெளியே தவழ்ந்து வந்து எழுந்து நின்றார். டீயை வாங்குவதற்காக டார்ச்சைச் சட்டைப் பாக்கெட்டில் போட்டார். டார்ச் அவர் நெஞ்சில் வழுக்கிக்கொண்டு போய்த் தரையில் விழுந்தது. எடுத்தார். மறுபடி போட்டார். மறுபடி விழுந்தது.

சீப்பு அக்கா அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். “உங்க பாக்கெட் எங்க?”

“ம்?”

“சட்டைல பாக்கெட் எங்க?”

மெகர் குனிந்து தன் மார்பைப் பார்த்தார். “இப்பல்லாம் பாக்கெட் வைக்கிறதில்லன்னு கடைல சொன்னாங்க. அதுதான் இப்ப ஸ்டைலாம்.”

“அப்ப கார்ட்ரிட்ஜ் எங்க?”

மெகர் மெல்லத் திரும்பினார். பேனலின் நடுத்தட்டில், வரிசையாக, நெற்றியில் பச்சை ஜன்னலோடு, சர்ஜ் கார்ட்ரிட்ஜ்கள் சமர்த்தாக உட்கார்ந்திருந்தன. பிடுங்கியதைப் போட இடமில்லாத சட்டை, பிடுங்க வேண்டும் என்பதையே கைக்கு ஞாபகப்படுத்தவில்லை. சுவரில் அவர் எழுதி ஒட்டியது அவரையே பார்த்துக்கொண்டிருந்தது.

பிறகு சித்தப்பாவிடமிருந்து ஒரு சத்தம் வந்தது, பிரஷர் குக்கரிலிருந்து வருவது போல. அப்புறம் பட்டறையே கவிழ்ந்தது. பெயின்ட் அடிப்பவர் தரையில் உட்கார்ந்துவிட்டார். முதலாளி நாற்காலியோடு சாய்ந்து சுவரைப் பிடித்துக்கொண்டார். எனக்கு வயிற்றைப் பிடித்துக்கொள்ள இரண்டு கை போதவில்லை. காரணம் தெரியாத லாரி டிரைவரும் எங்களைப் பார்த்தே சிரித்தார்.

மெகர் மட்டும் சிரிக்கவில்லை. கார்ட்ரிட்ஜ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கினார். எங்கே வைப்பது என்று தெரியாமல் விழித்தவரிடம் சீப்பு அக்கா இரண்டு கையையும் குவித்து நீட்டினாள். அதில் வைத்தார். பட்டனை அழுத்தினார். முள் பாய்ந்தது. கூண்டிலிருந்து விட்ட பறவை மாதிரி உச்சியில் போய் முட்டிக்கொண்டு நின்றது. மூன்று பேஸிலும் அப்படியே, நியூட்ரலிலும் அப்படியே.

“பாஸ்!” என்று முதலாளி எழுந்து குதித்தார். “பாஸ்! கல்யாணம்!”

“பேனல் பாஸ்” என்றார் மெகர். பச்சை ஸ்டிக்கரை ஒட்டினார். பிறகு நிமிர்ந்து நின்று, தன் தலையில் தானே கல்லைப் போட்டுக்கொண்டார். “ஆனா இது ரெண்டாவது டெஸ்டுங்க. முதல் டெஸ்ட் ஃபெயில்தான்.”

“யோவ்!” என்றார் சித்தப்பா. “அது நீ பண்ணின கூத்துய்யா!”

“யார் பண்ணினாலும் முதல் டெஸ்ட்ல முள் ஏறல. அவங்க சொன்னது முதல் டெஸ்ட். கண்டும் காணாம விடக்கூடாதுன்னும் சொன்னாங்க.” சொல்லும்போது கண் கலங்கிவிட்டது. ஆனால் வார்த்தை பிசகவில்லை.

“இந்த மனுஷனை ஒரு அறை விடவா?” என்று முதலாளி பொதுவாகக் கேட்டார்.

சீப்பு அக்கா கை நிறையக் கார்ட்ரிட்ஜ்களோடு அப்படியே நின்றிருந்தாள். அவள் தோள் குலுங்கிக்கொண்டிருந்தது. அழுகிறாள் என்று நினைத்து மெகர் ஒரு அடி முன்னால் வந்தார். அவள் சிரிப்பை அடக்க முடியாமல் தலையை ஆட்டினாள்.

“எனக்கு ஒரே பயம்தான் இருந்துச்சு” என்றாள், மூச்சு வாங்கிக்கொண்டு. “தப்பே பண்ணாத ஆளோட எப்படி ஒரு வீட்ல இருக்கறது? நான் ஒரு டம்ளரைக் கீழ போட்டாக்கூட பயந்துட்டே இருக்கணுமே. அதான் அப்படி ஒரு கண்டிஷன் போட்டேன். இன்னிக்குப் பாத்தா, ஒரு சட்டையைப் போட்டுட்டு பட்டறையையே தலைகீழா ஆக்கிட்டீங்க. இந்த ஆளோட இருக்கலாம்.”

மெகருக்கு விளங்கவில்லை. “அப்ப கண்டிஷன்?”

“அதைத் தூக்கிக் குப்பைல போடுங்க. நான்தானே போட்டேன், நானே எடுத்துக்கறேன். பண்ணிக்கிறேன்.”

“எதை?”

“கல்யாணம்! உங்கள!”

மெகர் பக்கத்திலிருந்த மரப்பெட்டிமேல் பொத்தென்று உட்கார்ந்தார். கூச்சல் கூரையை எட்டியது. அதற்கு மேலே சித்தப்பாவின் குரல்: “ஒரு பேஸ்தான் ஆச்சு! இன்னும் ரெண்டு பாக்கி!”

“பண்ணிக்கிறேன்!” என்றாள் அவள் கூரையைப் பார்த்து. பிறகு எங்கள் எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்து, “பண்ணிக்கிறேன், போதுமா?”

கூச்சல் அடங்கியபோது, மரப்பெட்டியிலிருந்து ரொம்பத் தாழ்ந்த குரலில் மெகர் கேட்டார். “நியூட்ரல்?”

“அதுக்கு எங்கம்மாவைக் கேக்கணும்.”

“இப்பவே கேட்டுடலாங்களா?”

அவள் கார்ட்ரிட்ஜ்களைத் திரும்ப அவற்றின் இடத்தில் மாட்டினாள். ஒவ்வொன்றும் ‘க்ளிக்’ என்று உட்கார்ந்தது. கையைத் துடைத்துக்கொண்டு வாசலைப் பார்த்து, “அண்ணே, இப்ப ஏத்துங்க. போற வழியில எங்க ரெண்டு பேரையும் எங்க தெரு முனையில இறக்கிவிடணும்” என்றாள்.

டிரைவர் மெகரின் கிரீஸ் படிந்த சட்டையை ஏற இறங்கப் பார்த்தார். “பொண்ணு கேக்கவா போறீங்க? இந்தச் சட்டையோடயா?”

“இந்தச் சட்டையோடதான்” என்றாள் சீப்பு அக்கா.